ஏழாவது சட்டியின் கோடு

முளைப்பாரிச் சட்டிக்குள் ரூலரை விட்டு அளப்பாளா ஒருத்தி? அளந்திருக்கிறாள். அதுவும் என் வீட்டிலேயே, என் மருமகள். இந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் தெளிக்கப் பின்னறைக்குள் போனேன். சுவரோரம் ஈர மண் ஒட்டியபடி ஒரு பள்ளிக்கூடத்து ரூலர் கிடந்தது. அதைக் கையில் எடுத்ததும் விஷயம் புரிந்து அதிர்ந்துபோனேன். அடுத்த அரைமணி நேரத்தில் இதைவிடப் பெரிய அதிர்ச்சிகள் வரப்போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பார்த்துப் பழகியது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அதே மருமகள்தான். என் பேச்சைத் திருத்தி நல்ல தமிழில் போடுகிறாள். ஆனால் அவரவர் வாயால் பேசியதைப் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். என் தப்பு வரும் இடத்தில் ஒரு வார்த்தையும் குறைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். குறைக்க மாட்டாள் போலத்தான் தெரிகிறது.

முளைப்பாரி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் எஸ்டேட் தோட்டத்தில் லயத்து வீடுகளையெல்லாம் இடித்துவிட்டார்கள். நாங்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டோம். மாரியம்மன் மட்டும் இன்னும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறாள். ஆடியில் அவளுக்குத் திருவிழா. அதற்கு ஒன்பது நாள் முன்னால் மண்சட்டிகளில் எருவும் மண்ணும் நிரப்பி, ஊறவைத்த பாசிப்பயறைத் தூவி, வெளிச்சம் படாத அறைக்குள் வைத்துவிடுவோம். இருட்டிலேயே வளர்வதால் பயிர் பச்சை பிடிக்காது. இளமஞ்சளாக, நெட்டுநெட்டென்று கிளம்பும். திருவிழா அன்று அவரவர் சட்டியை அவரவர் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலமாகப் போய்க் கால்வாயில் கரைப்போம். பயிர் செழித்தால் அந்தப் பெண்ணின் வீடு செழிக்கும் என்பார்கள். செழிக்காவிட்டால் என்ன சொல்வார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இருபது வருடமாக எல்லாருடைய சட்டிக்கும் விதை போடுகிறவள் நான். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் சட்டிகள் வளரும். ஜன்னலில் உரச் சாக்கைக் கட்டிவிடுவேன். குளிக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது, செருப்போடு வரக் கூடாது. அளக்கக் கூடாது என்று மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. அளப்பார்கள் என்று யாராவது நினைப்பார்களா? வளர்கிற எதையும் அளந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பார்கள். என் மகனுக்கு மூன்று வயதில் அவனைக் கதவு நிலையில் நிறுத்திக் கரியால் கோடு போட்டேன். என் மாமியார் என் கையில் கரண்டியால் ஒன்று வைத்தார். அவன் ஆறடிக்கு வளர்ந்து இப்போது லோரி ஓட்டுகிறான்; தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் உட்காருகிறான். ஆனாலும் அந்தக் கரண்டியின் பயம் எனக்குப் போகவில்லை.

இந்த வருடம் ஏழு சட்டிகள். ஆறு, கோயில் பெண்களுடையவை. ஏழாவது, என் மருமகளுடையது. அவள் கிள்ளான் டவுன் பெண், அம்மா வீடு அங்கே. கல்யாணமாகி மூன்று வருடம். போன தீபாவளிக்கு முன்னால் நான்காவது மாதத்தில் அவளுக்குக் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு கோயிலில் கடைசித் தூண் பக்கம்தான் நிற்பாள். தீபாராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் செருப்பைத் தேடிப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் ஆடி பிறந்ததும் தானாக வந்து, தானும் ஒரு சட்டி எடுக்கலாமா என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கே திருவிழா வந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு சட்டிக்கும் நான்தான் விதை போட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். எனக்கு முழங்கால் வலி என்பதால் காலையில் மருமகள் தண்ணீர் தெளிப்பாள், மத்தியானத்துக்கு மேல் நான். நான்காம் நாள் ஆறு சட்டியிலும் பயிர் நன்றாக எழுந்து நின்றது. ஏழாவதில் அப்போதுதான் மண் வெடித்து மூக்கு தெரிந்தது.  அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே சட்டியைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து குழம்புக்கு உப்பு போதுமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை, அக்கா வந்தார். கோயில் பெண்களுக்கெல்லாம் பெரியவர் அவர். என்னைவிட நான்கைந்து வயது மூப்பு, தோட்டம் முழுவதுக்கும் அவர் அக்காதான். மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்தவர் ஒவ்வொரு சட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏழாவதில் நின்றார்.

"இது யாரு சட்டி?"

"நம்ம மருமகளுது க்கா."

நாக்கை 'ச்சு' என்று தட்டினார். அவ்வளவுதான். போகும்போது வாசலில் நின்று, பயிர் ஒரு சாண் ஏறாத சட்டியைத் தலையில் ஏற்றக் கூடாது என்பது வழக்கம் என்று எனக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். விளக்கு வைப்பதற்குள் அந்த 'ச்சு' வாட்ஸ்அப்பில் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது. மருமகள் கடைக்கு வெங்காயம் வாங்கப் போனாள். கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள், அம்மனுக்குத் தெரியாமலா பயிர் பாதியில் நிற்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். இவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து வெங்காயத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் சட்டி எடுக்கல அத்த. ஞாயித்துக்கெழம கிள்ளானுக்குப் போயிட்டு வரேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அக்காவைத் திட்டியிருக்கலாம். 'உன் இஷ்டம்' என்றேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அதையும் பார்த்தேன். தட்டைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருந்தேன், எழுந்து போய்க் கூப்பிடவில்லை. இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். எழுதம்மா.

ஆக, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ரூலரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் மகள் வயிற்றுப் பேத்தி அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மேசையில் பீசாங் கோரெங், அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, தின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வயது, படிவம் மூன்று படிக்கிறாள். பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் எங்களோடு இருக்கிறாள். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கிள்ளானுக்குக் கொண்டுபோக வேண்டிய துணி. ரூலரை அவள் முன்னால் வைத்தேன். யார் அளந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை, அவள் முகம் சொல்லிவிட்டது. எழுந்து போய்க் காலண்டரில் கிழித்த ஒரு தாளைக் கொண்டுவந்தாள். நான்காம் நாளிலிருந்து தினமும் காலையில் ஏழு சட்டியையும் அளந்து பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். தன் சட்டியை அளந்தது போதாது என்று மற்றவர்களுடையதையும் எதற்கு அளந்தாள் என்று கேட்டேன். மற்றதைத் தெரிந்தால்தானே தன்னுடையது எவ்வளவு மோசம் என்று தெரியும் என்றாள்.

எனக்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் ஆறு சட்டிக்காரிகளும் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் பேத்தி எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை இழுத்துப் பார்த்தாள்.

"ஏய், இது எங்க ஹோம்வொர்க் மாதிரியே இருக்கு லா."

நான் அவளைத் திட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு தாளை எடுத்தாள். பச்சைக் கோடு போட்டு, கொசுவலை மாதிரி இருந்தது. கீழே படுத்த மாதிரி ஒரு கோடு இழுத்து, அது நாள் என்றாள். ஓரத்தில் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு கோடு இழுத்து, அது உயரம் என்றாள். பிறகு நான்காம் நாளுக்கு நேராக மேலே போய் ஒரு புள்ளி, ஐந்தாம் நாளுக்கு நேராக ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போனாள். ஆறு சட்டிக்கும் புள்ளிகள் கொத்துக் கொத்தாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஏழாவதுக்கு மட்டும் சிவப்புப் பேனா. அந்தப் புள்ளிகள் கீழே, தனியாக. பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கடைத்தெருவில் போட்டு மானத்தை வாங்கியது போதாதென்று இப்போது தாளிலும் போட்டாயிற்று.

பிறகு ரூலரை வைத்து, கொத்தின் நடுவாக நீளமாக ஒரு கோடு இழுத்தாள். நான் சும்மா இருக்கவில்லை. ஒரு புள்ளி கோட்டுக்கு மேலே இருக்கிறது, இன்னொன்று கீழே இருக்கிறது, இது என்ன ஏமாற்று வேலை என்று கேட்டேன். அளக்கிற கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், எல்லாப் புள்ளிக்கும் பொதுவாகப் போகிற கோடுதான் சரியான கோடு என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சிவப்புக்கும் அதே மாதிரி ஒரு கோடு இழுத்தாள்.

இங்கே நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்த காலத்தில் நான் குச்சி நடுகிற கூட்டத்தில் இருந்தவள். கன்று வைக்கிற இடத்துக்கெல்லாம் முதலில் குச்சி நட வேண்டும். வரிசை கோணினால் வேலை வாங்குகிற மண்டோர் மொத்தத்தையும் பிடுங்கச் சொல்லிவிடுவார். அதனால் வரிசை முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தரையோடு தரையாகப் பார்ப்போம். எந்தக் குச்சி அரை விரல் விலகி நின்றாலும் பல்லுக்கு நடுவில் முள் மாதிரித் தெரியும். எங்கள் கூட்டத்தில் என் கண்ணுக்குத்தான் பேர். மண்டோரே சந்தேகம் வந்தால் என்னைத்தான் குந்தச் சொல்வார்.

ஆகவே நான் தாளை மேசை ஓரத்துக்கு இழுத்து, கன்னத்தை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடினேன். பேத்தி என்ன செய்கிறேன் என்று கேட்டாள். பேசாமல் இருக்கச் சொன்னேன். மேல் கோட்டைப் பார்த்தேன், புள்ளிகள் குச்சி வரிசை மாதிரி நேராக ஓடின. கீழ்க் கோட்டைப் பார்த்தேன். அதுவும் நேர். பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. இரண்டு வரிசையும் ஒன்றை விட்டு ஒன்று விலகவில்லை, நெருங்கவும் இல்லை. செம்பனையில் பக்கத்துப் பக்கத்து வரிசை எப்படி ஓடுமோ அப்படி ஓடின. ஒரு வரிசை நோஞ்சானாக இருந்தால் போகப் போகப் படுத்துவிடாதா? இது படுக்கவில்லையே.

பேத்தி கால்குலேட்டரைத் தட்டினாள். ஆறு சட்டி எட்டு சென்டிமீட்டரிலிருந்து பன்னிரண்டு, பதினாறு, இருபது. மருமகள் சட்டி ஒன்றுமில்லாததிலிருந்து நாலு, எட்டு, பன்னிரண்டு. எல்லாம் ஏறக்குறையத்தான், அரை முக்கால் விட்டுவிடலாம் என்றாள். ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு கூடியது என்று தட்டினாள். நாலு. மறுபடி நாலு. சிவப்புக்கும் தட்டினாள். நாலு.

மருமகள் துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப என் சட்டியும் நாலுதான் வளருதா?"

"ஆமா அத்த. சேம் சேம்" என்றாள் பேத்தி.

"பாதின்னு சொன்னாங்களே."

தோளைக் குலுக்கினாள். நேற்றைக்குப் பார்த்தால் பதினாறுக்கு எட்டு, பாதி. முந்தாநாள் பார்த்திருந்தால் பன்னிரண்டுக்கு நாலு, மூன்றில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இருபத்தெட்டுக்கு இருபது. எப்போது பார்த்தாலும் எட்டுதான் குறைவு, அது கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றாள். இதைச் சொல்ல ஒரு சூத்திரமும் வைத்திருந்தாள். நாள் எண்ணை நாலால் பெருக்கி எட்டைக் கழித்தால் ஆறு சட்டியின் உயரம் வரும். நாலால் பெருக்கிப் பதினாறைக் கழித்தால் ஏழாவது சட்டியின் உயரம் வரும். நான் சோதித்துப் பார்த்தேன். ஐந்தாம் நாளைச் சொல் என்றேன். ஐந்து நாலு இருபது, எட்டுப் போனால் பன்னிரண்டு. காலண்டர் தாளில் பார்த்தால் பன்னிரண்டு. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அம்மன் வளர்க்கிற பயிர், நாலாம் வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்பட்டு வளர்கிறதா?

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து மேலே ஏற்றி, மறுபடி கீழே கொண்டுவந்து, மறுபடி ஏற்றினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். எல்லாம் ஒரே மாதிரி வளர்கிறது என்றால் தன்னுடையது மட்டும் எதற்குக் கீழே இருக்கிறது?

பேத்தி ரூலரை வைத்து இரண்டு கோட்டையும் பின்னால், கீழ்ப்பக்கம் நீட்டினாள். இது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. ராத்திரியில் மாடு வந்து முதல் குச்சியை மிதித்துப் போட்டுவிட்டால் என்ன செய்வோம்? மிச்ச வரிசையைப் பார்த்தே முதல் குச்சி எங்கே நின்றது என்று கண்டுபிடித்துவிடுவோம். வரிசை பொய் சொல்லாது. ஆறு சட்டியின் கோடு கீழே வந்து இரண்டாம் நாளில் தரையைத் தொட்டது. சிவப்புக் கோடு நான்காம் நாளில் தொட்டது.

"பாட்டி, இந்தச் சட்டிக்கு மட்டும் ரெண்டு நாளு பிந்தி வெத போட்டீங்களா?"

"அம்மன் மேல சத்தியமா இல்ல. ஏழுக்கும் ஒரே நாளு, ஒரே நேரம்."

"கோடு அப்பிடிச் சொல்லலயே."

"கோடு என்ன, கூட இருந்து பாத்துச்சா?"

நான் போட்டது சத்தியம். பொய்ச் சத்தியம் இல்லை. ஏழு சட்டிக்கும் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே சாயங்காலம்தான் விதை போட்டேன். இருபது வருடத்தில் ஒரு தடவையும் நாள் மாறியதில்லை. அதனால் எனக்கு ரோசம் வந்துவிட்டது. கட்டம் போட்ட தாள் ஒன்று என்னைப் பொய்க்காரி ஆக்குகிறதே என்று சத்தம் போட்டேன். பேத்தி, விதையெல்லாம் ஒரே விதைதானா என்று ஒரு வார்த்தை கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பயறு ஊறவைக்கும்போது நான் கைப்பிடிக் கணக்கில்தான் போடுவேன். சட்டிக்கு மூன்று பிடி. அந்த வெள்ளிக்கிழமை, வந்த பெண்களின் சட்டிகளுக்கு முதலில் போட்டேன். நம் வீட்டுச் சட்டி எப்போதும் கடைசி; பந்தியில் நாம் கடைசியாக உட்காருவது மாதிரி. வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நிறைய நிறைய அள்ளிப் போட்டிருக்கிறேன். ஏழாவது சட்டிக்கு வந்தபோது பாத்திரத்தில் ஈரம்தான் இருந்தது. அதனால் என்ன, டின்னில் காய்ந்த பயறு இருக்கிறதே, மண்ணில்தான் ஈரம் இருக்கிறதே என்று மூன்று பிடி எடுத்துத் தூவிவிட்டேன். மற்றதெல்லாம் முதல் நாளே ஊறி, வால்விடத் தயாராக இருந்த பயறு. இது கல்லு மாதிரிக் கிடந்தது. இது ஊறி, வெடித்து, எழும்ப இரண்டு நாள் கூடப் பிடித்திருக்கிறது. தூவிவிட்டுக் கையைத் தட்டினேன், அந்த நிமிடமே மறந்தும் போனேன். அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஒரு வாரம் அந்தச் சட்டியைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டேன், ஒரு தடவைகூட அந்த டின் என் நினைவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை தெரியுமா? ஊரார் நினைத்ததைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மனுக்குத் தெரியாமலா என்று நானும் நினைத்தேன். அதுதான் எனக்கு விழுந்த பெரிய அடி.

சொல்லிவிட்டேன். இருவரிடமும் முழுசாகச் சொன்னேன். பேத்திக்கு ஒரே சந்தோஷம், கோடு ஜெயித்துவிட்டது. மருமகள் எழுந்து பின்பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"நேத்து நான் சாப்பிடல அத்த. நீங்க பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம்.  

மறுநாள் சனிக்கிழமை காலையில் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பேத்தியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கால் நீட்டி உட்கார்ந்து கோயில் சமையலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். காய்ந்த பயறைப் போட்டது நான், பிழை என்னுடையது, அவள் சட்டியில் குறையில்லை என்றேன். அக்கா பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மருமகளைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைப்பார் என்று தெரிந்துதான் தாளைக் கொண்டுபோயிருந்தேன். விரித்துக் காட்டினேன்.

"காகிதத்துல முளைப்பாரி வளத்திருக்கியா?"

அளந்த விஷயமும் அப்போது தெரிந்துவிட்டது. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேத்தி குனியவில்லை. அவள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, நாளை காலையில் எந்தச் சட்டி எவ்வளவு இருக்கும் என்று இந்தக் கோடு இன்றைக்கே சொல்லும் என்றாள்.

"அம்மன் வளக்கறத நீ சொல்லிருவியா?"

"நான் சொல்லல பெரிய பாட்டி. அம்மன் நாளுக்கு நாலு வளக்குது. நான் கூட்டுறேன், அவ்வளவுதான்."

அக்காவுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது போல. பூண்டுக் கத்தியைக் கீழே வைத்தார். சாண் ஏற வேண்டும் என்கிறீர்களே, யாருடைய சாண் என்று பேத்தி கேட்டாள். காலம் காலமாக அக்காவின் சாண்தான். கையைக் காட்டச் சொல்லி, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை ரூலர் வைத்து அளந்தாள். பத்தொன்பது. தாளில் ஒன்பதாம் நாளுக்கு நேராக விரலை ஏற்றி, சிவப்புக் கோட்டில் நிறுத்தினாள். இருபது. அக்கா அந்த இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். என் மருமகளின் மானம் ஒரு சென்டிமீட்டரில் நின்றது. ஒரு விரல் அகலம்கூட இல்லை.

"காலைல வந்து நானே சாண் வெக்கிறேன். ஏறுனா எடுக்கட்டும். ஆனா ஏன் கட்டையா இருக்குன்னு கேக்குறவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்ல மாட்டேன். போட்டவ நீ, நீ சொல்லு."

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். கிள்ளானுக்கு மடித்து வைத்த துணி கட்டிலில் அப்படியே இருந்தது. அவள் அதை எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை, பையில் போடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா குளித்து முழுகி, ஈரத் தலையோடு வந்தார். பின்னறைக்குள் நாங்கள் நான்கு பேர். சாக்கை விலக்கினேன். வெளிச்சம் பட்டதும் பயிரெல்லாம் மஞ்சள் பட்டு மாதிரி நின்றன. அக்கா ஏழாவது சட்டியின் முன்னால் குந்தினார். கட்டை விரலை மண்ணில் ஊன்றி, கையை விரித்து, சுண்டு விரலை மேலே கொண்டுபோனார். அந்த விரலுக்கு மேலே ஒரு நகம் அளவு பயிர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா கையை எடுத்தார். விரல்களைச் சொடுக்கினார். இன்னும் நன்றாக விரித்து மறுபடி வைத்தார். நகம் அளவு மேலேதான் இருந்தது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.  முந்தாநாள் மத்தியானம் ஒரு பிள்ளை பீசாங் கோரெங் தின்ற கையோடு இழுத்த கோடு, இன்னும் வளராத பயிரின் தலை எங்கே நிற்கும் என்று சொல்லியிருக்கிறது.

பேத்தி மட்டும் அதிசயப்படவில்லை. "ஓகே லா" என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போய்விட்டாள்.

அக்கா எழுந்து, மருமகளின் நெற்றியில் தன் கையாலேயே குங்குமம் வைத்தார். சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டதும் அவர்தான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவர் பழக்கம் அப்படி.

கோயிலிலிருந்து கால்வாய்க்குப் போகிற மண் ரோட்டில், செம்பனைக்கு நடுவில், ஏழு சட்டியும் வரிசையாகப் போயின. மேளம் முன்னால். மருமகள் ஏழாவது. நான் அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். ஆறு சட்டிப் பயிரும் ஒரே மட்டமாக ஆடிக்கொண்டு போகும்போது கடைசிச் சட்டி கட்டையாகத் தெரியாமல் போகுமா? பக்கத்து ஊரான சுங்கை புரோங்கிலிருந்து திருவிழா பார்க்க வந்திருந்த ஓர் அம்மாள்தான் முதலில் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தார். நான் வரிசையை விட்டு அவரிடம் போனேன்.

"அது நான் பண்ண வேல. மத்ததுக்கு ஊறுன பயறு, இதுக்குக் காஞ்ச பயற போட்டுட்டேன். ரெண்டு நாளு லேட்டா கெளம்புச்சு. வளத்தியில ஒரு கொறையும் இல்ல, நாளுக்கு நாலு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டினார். அடுத்தது, கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் பேசிய இரண்டு பேர். அவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னேன், இரண்டு தடவை. தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்களுக்குச் சொன்னேன். மேளக்காரர்கள் இளைப்பாற நின்றபோது அவர்களுக்கும் சொன்னேன். இருபது வருடம் விதை போட்டவள் தன் வாயாலேயே இப்படிச் சொல்லிக்கொண்டு போகிறாளே என்று சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நாக்கைத் தட்ட வேண்டுமென்றால் என்னைப் பார்த்துத் தட்டட்டும். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு லேசானது. கால்வாய் வருவதற்குள் முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

கால்வாய்க் கரைக்குக் கொஞ்சம் முன்னால், மரநிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு சின்னப் பெண் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை நோக்கி நடந்தேன். தலையில் சட்டி இருந்ததால் மருமகளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஆனால் என் காலடிச் சத்தம் விலகுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"அத்த, அந்தப் பொண்ணு ஒண்ணுமே கேக்கலயே."

"கேக்கத்தான் போறா."

"பேசாம வாங்க அத்த. நான் சிரிச்சா சட்டி ஆடுது."